சீட்டாடச் சீமைக்கா?

சென்ற மாதம் ரஞ்சன்குடிக்குப் போயிருந்தேன். "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் இறங்கியிருக்க மாட்டீர்கள். பெரம்பலூர் வருவதற்குச் சுமார் 16 கிலோமீட்டர் முன்னால் கல்லால் கட்டிய ஒரு கோட்டை தெரியும். "அதோ கோட்டை!" என்று குழந்தைகள் கத்தி முடிப்பதற்குள் வண்டி கடந்து போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு ஜாகீர்தார் கட்டிய கோட்டை அது. 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்குக் கட்சி கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தில்தான் சண்டை போட்டார்கள். இப்போது கோட்டைக்குள் சண்டை ஒன்றும் இல்லை. நான் போன வீட்டில்தான் சண்டை.

என் அண்ணன் மகளை அந்த ஊரில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். பெரம்பலூர்ப் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு சகஜம். ஒரே பையன். பதினாலு வயசு. படிப்பில் கெட்டிக்காரன் என்றே சொல்லலாம்.

நான் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். முற்றத்தில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்க அத்தை. நீங்களே இந்த அநியாயத்தைக் கேளுங்க. தொரைக்குச் சிங்கப்பூர் போகணுமாம். எதுக்குன்னு கேளுங்க. சீட்டாட!"

"சீட்டு இல்லைம்மா, கார்டு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"கார்டுன்னா இங்கிலீஷ்ல சீட்டுத்தானேடா?"

பையனிடம் பதில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவளுடைய தகப்பனார், அதாவது என் அண்ணன், ஒரு காலத்தில் சீட்டாடினார். முதலில் பொழுதுபோக்குக்கு. பிறகு பக்கத்து டவுனில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில். யார் மனம் மகிழ்ந்ததோ தெரியாது. எங்கள் அண்ணி மனம் மகிழவில்லை. இரண்டு ஏக்கர் நஞ்சை போயிற்று. அண்ணி காதில் இருந்தது போயிற்று. இவள் பன்னிரண்டாவது முடித்து நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். கல்லூரியில் கட்டுவதற்கென்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பணம், கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு போயிற்று. மறு வருஷம் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அண்ணன் இன்று இல்லை. அவரைப் பற்றி இவள் ஒரு வார்த்தை குறைவாகப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் அவள் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு கிடையாது. கல்யாண வீட்டில் நாலு பேர் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தால் இவள் எழுந்து போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளுடைய பிள்ளை சீட்டாடச் சீமைக்குப் போக வேண்டும் என்கிறான்!

சாப்பாடு ஆனதும் பையனைக் கூப்பிட்டு, "உன் ஆஸ்தியைக் கொண்டுவா, பார்க்கலாம்" என்றேன். ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தான். அதற்குள் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை. நம் பெண்கள் பட்டுப்புடைவையைக்கூட இவ்வளவு பத்திரமாக மடித்து வைப்பதில்லை. கலர் கலராகப் பிராணிகளின் படம். அதன் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ கணக்கு. 'போக்கிமான்' என்று பெயர். உங்கள் வீட்டுக் குழந்தைகள் டெலிவிஷனில் பார்த்திருப்பார்கள். முதல் இரண்டு பொட்டலத்தை லீவில் வந்த அப்பாவே வாங்கி வந்து கொடுத்தாராம்.

நம்மில் பலர் சின்ன வயசில் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம், தபால்தலை சேர்த்தோம், சினிமாப் பிலிம் துண்டு சேர்த்தோம். சேர்த்ததை எண்ணிப் பார்ப்போம், மாற்றிக்கொள்வோம், அம்மா ஒருநாள் தூக்கிக் குப்பையில் போடுவாள், அழுவோம். அதோடு சரி. அந்தப் படங்களை வைத்து ஒரு ஆட்டம் ஆடினால் எப்படி இருக்கும்? அந்த யோசனைதான் இது. 1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் 'மேஜிக்' என்று ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு கிடையாது. அவரவர் சேர்த்த கார்டுகளிலிருந்து அவரவர் கட்டை அவரவரே அமைத்துக்கொண்டு வர வேண்டும். மறு வருஷமே மில்வாக்கி நகரத்தில் உலகப் போட்டி நடத்திவிட்டார்கள். 1996-ல் ஜப்பானில் போக்கிமான் கார்டு வந்தது.

பையன் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான். புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டுக்கு அறுபது கார்டு. அதில் ஒரே பெயர் உள்ளது நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. சக்திக் கார்டு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் விலக்கு. ஏழு கார்டு கையில். ஆறு கார்டைக் கவிழ்த்துப் பரிசு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். எதிராளியின் பிராணியை வீழ்த்தும்போதெல்லாம் நம் பரிசில் ஒன்றை எடுக்கலாம். சில பெரிய பிராணிகளுக்கு இரண்டு மூன்றுகூட உண்டு. ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி. எதை இப்போது இறக்குவது, எதை மறைத்து வைப்பது, எதிராளி கையில் என்ன இருக்கலாம், கட்டில் இன்னும் என்ன மிச்சம் என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாசக் கடைசியில் நாம் மளிகைச் சாமானை இழுத்துப் பிடிக்கிற கணக்குத்தான். மூன்று ஆட்டம் ஆடினேன், மூன்றிலும் தோற்றேன். "பாட்டி, நீங்க அவசரப்படறீங்க" என்றான் வாண்டு.

பெரிய போட்டிகளில் கட்டுப்பாடு பலமாக இருக்கிறது. எந்த அறுபது கார்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் மாற்ற முடியாது. உறையில் ஒரு கீறல் இருந்து, அதை அடையாளமாக வைத்துக் கார்டைக் கண்டுபிடிக்கலாம் என்று நடுவருக்குத் தோன்றினால் தண்டனை. நாம் கலைத்த கட்டை எதிராளியும் கலைக்கலாம். சின்னவர், நடுவயசுப் பிள்ளைகள், பெரியவர் என்று மூன்று பிரிவு. 2024-ல் ஹோனலூலுவில் நடந்த உலகப் போட்டியில் பெரியவர் பிரிவில் ஜெயித்தவர் சிலி நாட்டிலிருந்து வந்த பெர்னாண்டோ சிபுயென்டெஸ். பதினெட்டு வயசு. பரிசு 50,000 டாலர். ஊர் திரும்பியதும் அந்த நாட்டு ஜனாதிபதியே மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதே போட்டியின் கடைசிக் கட்டத்தில் இன்னொருவர் ஜெயித்த மிதப்பில் மேடையிலேயே அநாகரிகமாக ஒரு சைகை செய்தார். ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். இந்தச் சேதியைச் சொன்னபோதுதான் முற்றத்தில் வெங்காயம் ஆய்ந்த கை கொஞ்சம் நின்றது. "அப்படியா? அனுப்பிட்டாங்களா?" என்றாள். மன்றத்தில் யாரையும் வெளியே அனுப்பி அவள் கேள்விப்பட்டதில்லை.

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு ஜகார்த்தா கதையைச் சொன்னேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2018-ல் இந்தோனேஷியாவில் நடந்த ஆசிய விளையாட்டில் முதல் முறையாகச் சீட்டாட்டத்தைச் சேர்த்தார்கள். ஆமாம், நம் ஊர்ச் சீட்டேதான், ஐம்பத்திரண்டு கார்டு. 'பிரிட்ஜ்' என்று பெயர். செப்டம்பர் 1-ஆம் தேதி கல்கத்தாக்காரர்கள் இரண்டு பேர், அறுபது வயசான பிரணாப் வர்தனும் ஐம்பத்தாறு வயசான சிப்நாத் சர்க்காரும், சீன ஜோடியைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார்கள். இவர்களுக்கு 384 புள்ளி, அவர்களுக்கு 378. அதே தினம் குத்துச்சண்டையில் ஒரு வாலிபர் தங்கம் வாங்கினார். அவருக்கு என்ன பதக்கமோ அதேதான் தாத்தாக்களுக்கும். ஆண்கள் குழுவுக்கும் கலப்புக் குழுவுக்கும் வெண்கலம் வேறு. அந்தக் கலப்புக் குழுவில் இருந்த ஹேமா தியோராவுக்கு அப்போது அறுபது தாண்டியாகிவிட்டது. இன்னொருவர் கிரண் நாடார், நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் தொழிலதிபர் சிவ நாடாரின் மனைவி. இந்தியாவிலிருந்து போனவர்களிலேயே மூத்தவர் ரீட்டா சோக்ஸி என்ற அம்மாள். வயசு 79!

"எழுபத்தொன்பதா?" என்றாள்.

"ஆமாம். நானும் போகலாம் போலிருக்கிறது" என்றேன்.

"அதுல பணம் வைக்க மாட்டாங்களா?"

அவளுடைய ஒரே கேள்வி அதுதான். பணம் வைப்பதில்லை என்றேன். அதோடு இன்னொன்றும் உண்டு. அந்தப் போட்டியில், முதல் மேஜையில் விழுந்த கைகளே வரிசையாக மற்ற மேஜைகளுக்கும் போகும். எல்லாரும் ஒரே கையை ஆடியாக வேண்டும். நல்ல சீட்டு விழுந்தது, கெட்ட சீட்டு விழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு. யார் சாம்பார் ருசி என்பதுதான் கேள்வி. உங்கள் அப்பா ஆடியது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தாய்மார் பயப்படுவது மூடத்தனம் என்று நினைக்கிற படித்த பிள்ளைகள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மன்றம் போய் இப்போது கைப்பேசி வந்தது. படுக்கையில் படுத்தபடியே ரம்மியில் சம்பளத்தைத் தோற்று, கடன் வாங்கித் தோற்று, பிறகு உயிரையே விட்ட மனிதர்கள் நம் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! சென்னையிலும் சட்டம் வந்தது; 2025 ஆகஸ்டில் டில்லியில் பார்லிமெண்டும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று வக்கீல்கள் வருஷக் கணக்கில் வாதாடினார்கள். வீட்டுக்காரிக்கு அந்த வாதம் வேண்டாம். பணம் வைத்தாயா, இல்லையா? அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பையனிடம் அந்தக் கேள்வியையே கேட்டேன். "சத்தியமா இல்லை பாட்டி. போட்டியில சேரக் கட்டணம் கட்டணும். ஜெயிச்சா கார்டு கொடுப்பாங்க. தோத்தா ஒண்ணும் போகாது" என்றான். வாஸ்தவம்தான். ஆனால் நானும் பழைய புள்ளி. "அது சரி, இந்தக் கார்டெல்லாம் எப்படி வாங்குகிறாய்?" என்று கேட்டேன்.

அங்கேதான் பையன் திணறினான்.

அந்தக் கார்டுகள் ஒட்டிய பொட்டலத்தில் வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பெரும்பாலும் சாதாரணக் கார்டு. எப்போதாவது ஒன்று அபூர்வக் கார்டு. அந்த ஒன்றுக்காகப் பத்துப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அபூர்வமானதற்கு விலை உண்டே! ஜப்பானில் 1990களில் படம் வரையும் போட்டியில் ஜெயித்த குழந்தைகளுக்குக் கொடுத்த ஒரு கார்டை, 2021-ல் ஓர் அமெரிக்கர் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். இந்தக் கதையைக் கேட்ட எந்தப் பிள்ளைதான் அடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பான்? நம் ராஜ்யத்தில் 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்தோம். அதன் தம்பி பளபளவென்று பொட்டலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான்!

"எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டாள் அம்மா. போன தீபாவளிக்கு அப்பா அனுப்பிய பணத்தில் துணி எடுத்தது போக மிச்சத்தை அப்படியே பொட்டலமாகப் பிரித்திருக்கிறான். இரண்டாயிரத்துச் சொச்சம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

அவள் அடிக்கவில்லை; திட்டவும் இல்லை. எழுந்து போய்ப் பிஸ்கட் டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பையன் என்னைப் பார்த்தான். நான் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அவனும் பின்னாலேயே வந்தான். கோட்டைக்குள் மேலும் கீழுமாகப் படிகள். அரைவட்டக் கொத்தளம், சுற்றிலும் அகழி. மேலே ஏறி நின்றால் திருச்சிச் சாலை முழுவதும் தெரிகிறது. வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. "அப்பா போறப்போ இங்கேருந்துதான் பார்ப்பேன், வண்டி மறையற வரைக்கும்" என்றான். அப்புறம், "ஜெயிக்கணும்னு இல்லை பாட்டி. அங்கே போனா அப்பா வந்து பக்கத்துல நின்னு பார்ப்பாரு" என்றான். சிங்கப்பூர்தான் என்று அவன் ஏன் பிடிவாதம் பிடித்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்து அவளிடம் அதைச் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. வேறு ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சென்னையில் ஓர் ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா. 2024 நவம்பரில், பதினேழு வயசில், கலிபோர்னியாவுக்குப் போய்க் கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கி வந்தாள். கேரம் பலகையைக் கண்டாலும் முன்பெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் "வேலையற்ற வேலை" என்றுதான் சொன்னார்கள். தெருமுனையில் பையன்கள் ஆடுகிற ஆட்டம். அதில் ஒரு பெண், அதுவும் கடல் கடந்து! பிரயாணத்துக்கு அரசாங்கம் ஒன்றரை லட்சம் கொடுத்தது. அதற்கு முன்னால் அவள் அப்பா ஓட்டிய ஆட்டோவின் கிலோமீட்டரை யார் கணக்கெடுத்தார்கள்?

"அந்தப் பொண்ணோட அம்மா பயப்படலையா அத்தை?" என்றாள்.

"பயப்படாத அம்மா உண்டா?" என்றேன்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் பையனைக் கூப்பிட்டாள். மூன்று விஷயம் சொன்னாள். பொட்டலம் வாங்கக் கூடாது. எந்தக் கார்டு வேண்டுமோ அதை மட்டும் விலை தெரிந்து வாங்க வேண்டும். (அப்படியும் விற்கிறார்களாம், ஆடத் தெரிந்தவர்கள் அப்படித்தான் வாங்குகிறார்களாம்.) டப்பா பீரோவில் இருக்கும்; ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி ஆட வேண்டும். பத்தாவது பரீட்சை முடிகிற வரைக்கும் சிங்கப்பூர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. "அதுக்கப்புறம்?" என்று பையன் கேட்டதற்கு, "அதுக்கப்புறம் பாஸ்போர்ட்டு எடுக்கிறதுக்கு என்ன வேணும்னு விசாரி" என்றாள். விசாரித்ததில், பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். தாய் தகப்பன் இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். திருச்சியிலிருந்து நேரே விமானம் இருக்கிறது; நாலு மணி நேரம்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வெங்காய விலை, மழை, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்:

"ஏன் அத்தை, சின்னப் பையனைத் தனியா விமானத்துல ஏத்தி அனுப்ப முடியுமா? கூட ஒரு ஆள் போகணும் இல்லே?"

"போகத்தான் வேண்டும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பெரியவங்களுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு அத்தை?"

"ஆயிரத்து ஐந்நூறு" என்றேன்.

"சரி. இந்தப் போகம் வெங்காயம் வித்ததும் பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.